ஹோவர்ட் ஸ்டெர்ன்: பல வருடம் அபராதத்துக்கு அசையாத காலை நிகழ்ச்சி 2004-ல் ஏன் ஆட்டம் கண்டது?

காதொலி:

வணக்கம். அமெரிக்க வானொலி பற்றிய ஒரு தமிழ் பாட்காஸ்டுக்கு ஹோவர்ட் ஸ்டெர்ன் பகுதியை எழுதிக்கிட்டு இருக்கேன். பிறந்தது 1954, ஹார்ட்ஃபோர்ட், டெட்ராய்ட், வாஷிங்டன் என்று ஊர் ஊராகப் போனது, 1982-ல் நியூயார்க் வந்தது, 2006-ல் சேட்டிலைட் வானொலிக்குத் தாவியது. இந்த மேலோட்டமெல்லாம் எங்கேயும் கிடைக்குது. எனக்குப் புரியாதது உள்ளே இருக்கிற கணக்கு.

2004-ல் எஃப்சிசி (அமெரிக்க ஒலிபரப்பை ஒழுங்குபடுத்தும் ஆணையம்) போட்ட 4,95,000 டாலர் அபராதம் எப்படி வந்தது? ஏதோ ஏலத்தொகை மாதிரி இருக்கு. எங்கள் பேச்சில் சட்டமீறல் இல்லை என்று மூன்று வருடம் சாதித்த, ஸ்டெர்னின் முதலாளியான இன்ஃபினிட்டி நிறுவனம் 1995-ல் திடீரென்று ஏன் பணம் கட்டியது? ஒலியை ஏழு விநாடி தாமதித்து அனுப்புகிற டிலே, அழிக்கிற பொத்தான் எல்லாம் இருந்தும் எப்படி மாட்டினார்கள்? கடைசியாக, 50 கோடி டாலர் கொடுத்த சேட்டிலைட் வானொலி நிறுவனமான சிரியஸுக்கு அது கட்டுப்படியானதா?

"வாய்க்கொழுப்பு, அதனால் மாட்டினார்" வகை பதில் வேண்டாம். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்க.

உரிமக்கோப்பு:

4,95,000 ஏலத்தொகை இல்லை, பெருக்கல். 27,500 × 18.

அப்போது ஒரு மீறலுக்கு எஃப்சிசி போடக்கூடிய உச்சபட்ச அபராதம் 27,500 டாலர். மாட்டியது 2003 ஏப்ரல் 9 அன்று ஒலிபரப்பான நிகழ்ச்சி. அதில் மூன்று இடங்களைத் தனித்தனி மீறலாக எடுத்துக்கொண்டார்கள். அதை ஒலிபரப்பிய, கிளியர் சேனல் என்ற வானொலி நிறுவனத்தின் நிலையங்கள் ஆறு. மூன்றை ஆறால் பெருக்கினால் பதினெட்டு. அதுவரை ஒரு நிகழ்ச்சி முழுவதையும் ஒரே குற்றமாக எண்ணுவதுதான் வழக்கம். இனிமேல் ஒவ்வொரு பேச்சையும் தனியாக எண்ணுவோம் என்று 2003 ஏப்ரல் தொடக்கத்தில்தான், வேறொரு வழக்கில், எஃப்சிசி எச்சரித்திருந்தது. அந்த எச்சரிக்கை வந்த சில நாளிலேயே இந்த நிகழ்ச்சி. மாறியது பேச்சு இல்லை, எண்ணுகிற முறை. ஸ்கிரிப்டில் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

இன்னொரு விஷயத்தைப் பலர் தவறவிடுகிறார்கள். நிகழ்ச்சி கிளியர் சேனலுடையது அல்ல. அது அவர்களின் போட்டியாளரான இன்ஃபினிட்டியின் நியூயார்க் நிலையத்தில், 92.3 கே-ராக்கில், தயாராகி சேட்டிலைட் வழியாக ஊர்களுக்குப் போனது. கிளியர் சேனல் அதை வாங்கிப் போட்ட ஆள். ஃபோர்ட் லாடர்டேல், ஆர்லாண்டோ, பிட்ஸ்பர்க், சான் டியேகோ, ரோசெஸ்டர், லூயிவில் என்று ஆறே சந்தை. சூப்பர் பவுல் கால்பந்து நேரலையில் பாடகி ஜேனட் ஜாக்சனின் மார்பு தெரிந்த விவகாரம் நடந்தது 2004 பிப்ரவரி 1. கிளியர் சேனல் அந்த மாதக் கடைசியிலேயே ஸ்டெர்னை நிறுத்தி வைத்தது. ஏப்ரல் 8-ல் அபராத அறிவிப்பு வந்ததும் ஒரேயடியாகக் கைகழுவியது. ஜூனில் தன் நிலையங்கள் மீதிருந்த மற்றப் புகார்களையும் சேர்த்து 17.5 லட்சம் டாலருக்கு மொத்தமாக முடித்துக்கொண்டது. நூற்றுக்கணக்கான நிலையங்கள் வைத்திருந்த நிறுவனத்துக்கு ஆறு ஊரில் காலை நிகழ்ச்சி போவது பெரிய அடி இல்லை. அடுத்தவன் வீட்டுச் சமையலுக்கு நாம் ஏன் மருந்துச் செலவு செய்ய வேண்டும் என்ற கணக்குதான்.

1995 விஷயத்துக்கு வருகிறேன். அபராத அறிவிப்பு வந்தால் உடனே கட்டியாக வேண்டும் என்பதில்லை. நிலையம் மறுக்கலாம். அப்புறமும் கட்டாவிட்டால் மத்திய அரசின் நீதித்துறை அமைச்சகம் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுத்தான் வசூலிக்க வேண்டும், அங்கே விசாரணை முதலிலிருந்து நடக்கும். இன்ஃபினிட்டியின் தலைவர் மெல் கர்மாசின் இதை நம்பித்தான் அசையாமல் இருந்தார். 1992 டிசம்பரில் மட்டும் 6 லட்சம் டாலர் அறிவிப்பு வந்தது, கட்டவில்லை. அடுத்தடுத்து வந்தவற்றையும் கட்டவில்லை.

ஆனால் அதே நேரத்தில் இன்ஃபினிட்டி புதிய நிலையங்களை வாங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு விற்பனைக்கும் உரிம மாற்றம் வேண்டும். அதைத் தருவதும் எஃப்சிசிதான். முடிவாகாத அபராதத்தை வேறு கோப்பில் ஒருவருக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது என்று தகவல் தொடர்புச் சட்டத்தின் 504-ஆம் பிரிவு சொல்கிறது. இருந்தாலும் கோப்பு மேசையில் தூங்குவதைத் தடுக்கச் சட்டம் ஏது? ஒப்புதல் தள்ளிப்போகிற ஒவ்வொரு வாரமும் வாங்குகிறவருக்கு வட்டி, விற்கிறவருக்குப் பதற்றம். 1995 செப்டம்பரில் சுமார் 17 லட்சம் டாலரைக் கருவூலத்துக்குக் கட்டினார்கள். தவறை ஒப்புக்கொள்ளவில்லை என்ற நிபந்தனையோடு. கோப்புகள் துடைக்கப்பட்டன.

அதாவது உரிமம் நிலையத்துக்காரருடையது. மைக்கில் பேசுகிறவருக்கு எஃப்சிசியிடம் இழக்க எதுவுமில்லை. ஸ்டெர்ன் தன் கையிலிருந்து அபராதம் கட்டிய கதை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சிவப்புப்பொத்தான்:

டிலே பற்றி நான் சொல்றேன். பொத்தான் இருந்தும் எப்படி மாட்டினாங்கன்னு கேட்டா, அந்தப் பெட்டி என்ன செய்யும்னு முதல்ல தெரியணும்.

ஸ்டூடியோ மிக்ஸரிலிருந்து வர ஒலி நேரா டிரான்ஸ்மிட்டருக்குப் போகாம ஒரு நினைவகத்தில் ஏழு விநாடியோ பத்து விநாடியோ தங்கிட்டுப் போகும். ஆதி காலத்தில் இதை டேப் லூப்பில் செய்தாங்க. பிறகு ஈவென்டைட் நிறுவனம் மாதிரி ஆட்கள் டிஜிட்டல் பெட்டி கொண்டுவந்தாங்க. 8:14:03-க்குச் சொன்ன வார்த்தை நேயர் காதுக்கு 8:14:10-க்குப் போகும். நடுவில் பொத்தானை அழுத்தினா நினைவகத்தில் இருக்கிறது அத்தனையும் காலி, நேயர் சட்டுனு நிகழ்காலத்துக்குத் தாவிடுவார்.

சிக்கல் அங்கேதான் ஆரம்பம். அழுத்தின நொடியில் கையிருப்பு பூஜ்யம். அடுத்த இருபது விநாடியில் இன்னொரு வார்த்தை விழுந்தா காப்பாத்த எதுவும் இல்ல. பெட்டி பேச்சைக் காதுக்குத் தெரியாத அளவு இழுத்து இழுத்துக் கையிருப்பை மறுபடி சேர்க்கும், அதுக்கு நிமிஷக் கணக்காகும். அதனால் அனுபவம் உள்ளவங்க மொத்தத்தையும் காலி பண்ண மாட்டாங்க. பாதியை மட்டும் அழிக்கிற மாதிரி அமைச்சுக்குவாங்க, மீதி அடுத்த ஆபத்துக்கு.

இரண்டாவது, அது கத்தரிக்கோல் இல்ல, வெட்டரிவாள். ஒரு வார்த்தைக்காக அழுத்தினா அதுக்கு முன்னாடி போட்ட பீடிகையும் போயிடும். சில சமயம் தப்பான வார்த்தை ஏற்கெனவே வெளியே போயிருக்கும், பாவமில்லாத ஏழு விநாடி அழிஞ்சிருக்கும். கை சற்றுத் தாமதிச்சதோட பலன்.

தொலைபேசியில் வரவங்ககிட்ட "உங்க ரேடியோ சத்தத்தைக் குறைங்க"ன்னு கெஞ்சுறதும் இதனாலதான். ஏழு விநாடிக்கு முந்தின தன் குரல் காதில் விழுந்தா யாருக்கும் பேச்சு குழறும். தொகுப்பாளர் ஹெட்போனிலும் ஏரியலில் பிடிச்ச ஒலி வரக் கூடாது, டிலேக்கு முந்தின ஒலிதான் வரணும்.

ஆனா உங்க கேள்விக்கு நேரான பதில் வேற. அந்தப் பொத்தான் வார்த்தையைப் பிடிக்கிற கருவி. எஃப்சிசி 1987-லேயே வார்த்தையை எண்ணுறதைத் தாண்டிப் போயாச்சு. பசிஃபிகா வானொலி வழக்கில் 1978-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்புக்கு அப்புறம் ஒன்பது வருஷம் "ஏழு கெட்ட வார்த்தை"தான் அளவுகோல். அந்த ஏழைச் சொல்லாம இருந்தா பிழைச்சுக்கலாம். 1987 ஏப்ரலில் ஃபிலடெல்ஃபியா டபிள்யூஒய்எஸ்பி நிலையத்தில் போன ஸ்டெர்ன் நிகழ்ச்சியையும், கலிஃபோர்னியாவில் ரெண்டு நிலையங்களையும் வெச்சு அளவுகோலை மாத்தினாங்க. பாலியல் உறுப்பு, செயல், கழிவு பற்றின வர்ணனை அந்தச் சமூகத்தோட தரத்துக்கு அப்பட்டமா அருவருப்பா இருந்தா போதும், இரட்டை அர்த்தமும் கணக்கில் சேரும். ஸ்டெர்னோட பாணியே கெட்ட வார்த்தை இல்லாம இருபது நிமிஷம் ஒரே விஷயத்தைக் கடைஞ்சு எடுக்கிறது. இருபது நிமிஷத்துக்கு எந்த ஏழு விநாடியை அழிப்பீங்க?

இங்கே ஆபாசம், அநாகரிகம் ரெண்டையும் ஸ்கிரிப்டில் குழப்பிடாதீங்க. முதலாவது எந்நேரமும் தடை. ரெண்டாவதுக்குக் காலை 6-லிருந்து இரவு 10 வரைக்கும்தான் தடை. ஸ்டெர்ன் மேல வந்தது எல்லாம் ரெண்டாவது. லாஸ் ஏஞ்சலஸில் இது இன்னும் வேடிக்கை: நியூயார்க்கில் காலை 6 மணி, அங்கே விடியல் 3 மணி. நேரலையாப் போட்டிருந்தா முதல் மூணு மணி நேரம் அந்தத் தடைக்கு வெளியே. ஆனா 3 மணிக்கு யார் கார் ஓட்டுறா? பதிவு பண்ணி 6 மணிக்குப் போட்டாங்க. அந்த ஊர் கேஎல்எஸ்எக்ஸ் நிலையத்துக்குத்தான் 1992 அக்டோபரில் 1,05,000 டாலர் வந்தது. அதுவும் இன்ஃபினிட்டி நிலையம் இல்ல, கிரேட்டர் மீடியான்னு வேற முதலாளி.

கால்மணிக்கணக்கு:

மேலே இருவரும் தண்டனைப் பக்கத்தைச் சொல்லிவிட்டார்கள். இத்தனை தொல்லையையும் முதலாளி ஏன் பொறுத்துக்கொண்டார் என்பதற்கு ஆர்பிட்ரான் டயரியைப் பார்க்க வேண்டும்.

அந்நாளில் நேயர் எண்ணிக்கையை அளந்தது ஆர்பிட்ரான் நிறுவனத்தின் இந்தச் சிறு கையேடு. தேர்ந்தெடுத்த வீடுகளுக்கு அனுப்புவார்கள். வியாழன் தொடங்கி புதன் வரை எந்த நிலையத்தை எப்போது கேட்டோம் என்று நேயரே கையால் எழுதி அனுப்புவார். ஒரு கால் மணி நேரத்தில் ஐந்து நிமிடம் கேட்டிருந்தால் அந்தக் கால் மணி முழுதும் அந்த நிலையத்தின் கணக்கில் சேரும். இதில் ஒரு மனித பலவீனம் உண்டு: பலர் அன்றன்றைக்கு எழுத மாட்டார்கள், வாரக்கடைசியில் உட்கார்ந்து ஞாபகத்திலிருந்து நிரப்புவார்கள். எட்டுப் பாட்டு தொடர்ந்து போட்ட நிலையத்தின் பெயர் மறந்துபோகும். காலையில் கோபமூட்டிய ஆளின் பெயர் மறக்காது. பிடித்தவரும் "ஸ்டெர்ன்" என்று எழுதுவார், பிடிக்காமல் கேட்டவரும் "ஸ்டெர்ன்" என்றே எழுதுவார். டயரிக்கு இரண்டும் ஒன்று.

நிகழ்ச்சியின் கட்டுமானமும் இதற்கேற்றதுதான். ஒரு விவகாரத்தை 7:10-க்குத் தொடங்கி 7:20 வரை இழுத்தால் இரண்டு கால் மணியிலும் ஐந்து ஐந்து நிமிடம் கிடைத்துவிடும். நீண்ட பேச்சு, பிறகு நீண்ட விளம்பர இடைவேளை. நடுநடுவே துண்டு துண்டாக விளம்பரம் வைக்கிற இசை நிலையங்களின் பழக்கத்துக்கு நேர் எதிர். கூட்டணியும் முக்கியம். செய்தி வாசிக்கும் ராபின் குவிவர்ஸ் 1981-ல் வாஷிங்டன் டிசி101 நிலையத்தில் சேர்ந்தார். செய்தி வாசிப்பது பெயருக்குத்தான், ஸ்டெர்ன் மோதுவதற்கு எதிரே ஒரு நிதானமான குரல் வேண்டும். ஒலிச் சில்லுகளை நொடி தப்பாமல் சொருகும் ஃப்ரெட் நாரிஸ் ஹார்ட்ஃபோர்டில் சந்தித்தவர். தயாரிப்பாளர் கேரி டெலபாட்டே 1984-ல், 660 ஏஎம் டபிள்யூஎன்பிசி காலத்தில் வந்தார்.

அந்த நிலையம் 1985 செப்டம்பரில் ஸ்டெர்னை நீக்கியது. நவம்பரிலேயே கே-ராக் எடுத்துக்கொண்டு 1986 பிப்ரவரியில் காலை நேரத்தைக் கொடுத்தது. அதே ஆகஸ்டில் ஃபிலடெல்ஃபியாவுக்கு ஒரே நேரத்தில் ஒலிபரப்பு. காலை நிகழ்ச்சி என்றால் உள்ளூர் போக்குவரத்து, வானிலை, பள்ளி விடுமுறை என்பது அன்றைய வேதம். நியூயார்க் பேச்சை இன்னொரு ஊர்க்காரன் காலையில் கேட்பானா என்று தொழிலே சிரித்தது. அங்கே முதலிடத்தில் இருந்த ஜான் டெபெல்லாவை முந்த 1990 வரை ஆனது. முந்தியதும் நடுத்தெருவில் அவருக்குப் போலி இறுதி ஊர்வலம் நடத்தினார்கள். மூன்றரை வருடம் பொறுத்த முதலாளிக்குத்தான் இந்தப் பெருமையில் பாதி சேர வேண்டும்.

விளம்பரத்தை ஸ்டெர்னே வாயால் பேசி விற்பார், எழுதிக் கொடுத்ததை விட்டுக் கிளைபிரிவார். ஸ்னாப்பிள் பானம் நல்ல உதாரணம். 1994 கடைசியில் குவேக்கர் ஓட்ஸ் 170 கோடி டாலருக்கு அதை வாங்கி, ஸ்டெர்ன் விளம்பரத்தை நிறுத்தியது. ஸ்டெர்ன் அதே மைக்கில் திட்டித் தீர்த்தார். 1997-ல் குவேக்கர் விற்ற விலை 30 கோடி. அந்தச் சரிவுக்கு விநியோகத் தகராறு உட்பட வேறு பெரிய காரணங்கள் உண்டு. எல்லாப் புகழும் ஸ்டெர்னுக்கே என்று எழுதிவிடாதீர்கள்.

மறுகாது:

எல்லாரும் எஃப்சிசியையே சுற்றி வருகிறீர்கள். இந்த மனிதர் செய்ததிலேயே கொடூரமானவற்றுக்கு எஃப்சிசி ஒரு சென்ட் அபராதம் போட முடியாது என்பதையும் எழுதுங்கள். செலீனா என்ற டெஹானோ (டெக்சாஸ்-மெக்சிக இசை) பாடகி 1995 மார்ச் 31 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். சில நாளில் அவர் பாட்டைப் போட்டு, மேலே துப்பாக்கிச் சத்தம் சேர்த்துக் கிண்டல் செய்தார்கள். டெக்சாஸ் ஹார்லிஞ்சனில் ஒரு நீதிபதி கைது ஆணையே பிறப்பித்தார். ஸ்டெர்ன் ஸ்பானிய மொழியில் மன்னிப்புக் கேட்டார், அரைமனதாக. அநாகரிக விதி பாலியலையும் கழிவையும் மட்டும்தான் பார்க்கும். பிணத்தைப் பரிகசிப்பதும் இனத்தை இழிப்பதும் அதன் எல்லைக்கு வெளியே.

அங்கே வேலை செய்வது விளம்பரதாரர். டபிள்யூஎன்பிசியில் ஸ்டெர்ன் பிற்பகல் பேசியபோது அதே நிலையத்தில் காலை நேரத்தை வைத்திருந்த டான் ஐமஸைப் பாருங்கள். 2007 ஏப்ரல் 4 அன்று ரட்கர்ஸ் பல்கலைக்கழகப் பெண்கள் கூடைப்பந்து அணியைப் பற்றி இனவாதமாக ஒரு வரி. எஃப்சிசி அபராதம் எதுவுமில்லை. ஸ்டேப்பிள்ஸ், பிராக்டர் அண்ட் கேம்பிள், ஜெனரல் மோட்டார்ஸ் விலகின. 11-ஆம் தேதி அவர் நிகழ்ச்சியைத் தொலைக்காட்சியில் காட்டிய எம்எஸ்என்பிசி விட்டது, 12-ஆம் தேதி வானொலி முதலாளியான சிபிஎஸ் நீக்கியது. எட்டே நாள். டிசம்பரில் வேறு நிலையத்தில் திரும்பி வந்துவிட்டார் என்பது வேறு கதை.

வாஷிங்டன் பற்றியும் ஒன்று. 1982 ஜனவரி 13-ல் ஏர் ஃபுளோரிடா விமானம் 14-ஆம் தெருப் பாலத்தில் மோதி 78 பேர் இறந்தார்கள். மறுநாள் ஸ்டெர்ன் விமான நிறுவனத்தைக் கூப்பிடுவதுபோல் அந்தப் பாலத்துக்கு ஒரு வழி டிக்கெட் விலை கேட்டார். "அதற்காக டிசி101 அவரை உடனே நீக்கியது" என்று பல இடத்தில் வரும். உடனே ஒன்றும் நடக்கவில்லை, அதன் பிறகும் மாதக்கணக்கில் அங்கேதான் பேசிக்கொண்டிருந்தார்.

காதொலி:

நன்றி. பெருக்கல் கணக்கு ஒன்றே ஒரு எபிசோடுக்குப் போதும். சிரியஸ் பற்றி யாரும் தொடலையே? அப்புறம், நம்ம ஊர் எஃப்எம் காலை நிகழ்ச்சிகளோடு ஒப்பிட்டு ஒரு பத்தி வைக்கலாமா?

உரிமக்கோப்பு:

ஒப்பீடு வேண்டாம் என்பேன். இந்தியத் தனியார் எஃப்எம் உரிம ஒப்பந்தத்திலேயே ஆகாசவாணியின் நிகழ்ச்சி, விளம்பர நெறிகளைப் பின்பற்ற வேண்டும் என்று இருக்கிறது. செய்தியும் ஆகாசவாணி தருவதை மாற்றாமல்தான் போடலாம். ஆட்டமே வேறு.

சிரியஸ் கணக்கு. ஒப்பந்தம் அறிவித்தது 2004 அக்டோபர் 6. ஐந்து வருடம், 50 கோடி டாலர். அது ஸ்டெர்ன் பையில் விழுந்த சம்பளம் இல்லை. குழுவினர் ஊதியம், தயாரிப்புச் செலவு எல்லாம் அதற்குள். ஆண்டுக்கு 10 கோடி என்று வையுங்கள். மாதச் சந்தா 12.95 டாலர், ஆண்டுக்கு 155 டாலர் சொச்சம். ஸ்டெர்னுக்காகப் பத்து லட்சம் பேர் புதிதாக வந்தால் 15.5 கோடி. சந்தாதாரரைப் பிடிக்க ஆகும் செலவு, கருவிக்குத் தரும் மானியம் போனாலும் கையைக் கடிக்காது. அந்தப் பத்து லட்சம்தான் நிறுவனமே அன்று வெளியே சொன்ன இலக்கு.

அறிவிப்பின்போது சந்தாதாரர் 6 லட்சத்துச் சொச்சம். 2005 முடிவில் 33 லட்சம். அத்தனையும் ஸ்டெர்னால் வந்தது என்று சொல்ல முடியாது, புதுக் கார்களில் கருவியைப் பொருத்தித் தரத் தொடங்கிய காலமும் அதுதான். ஆனால் இலக்கு தாண்டியது. இலக்குத் தாண்டியதற்கான ஊக்கத்தொகையாக 2006 ஜனவரியில் ஸ்டெர்னுக்கும் அவருடைய முகவருக்கும் 3.4 கோடிக்கு மேல் பங்குகள் போயின, அன்றைய மதிப்பில் 20 கோடி டாலரைத் தாண்டும்.

இதில் விசித்திரம் அந்தப் பதினான்கு மாதம். போகிறேன் என்று அறிவித்த ஆளைப் பழைய முதலாளி 2005 டிசம்பர் 16 வரை மைக்கில் வைத்திருந்தார். தினமும் காலையில் கே-ராக் அலைவரிசையிலேயே போட்டி நிறுவனத்துக்குத் தண்டோரா. ஒரு நாள் இடைநீக்கம் செய்து பார்த்தார்கள், நிற்கவில்லை. வெளியேற்றியிருக்கலாமே என்றால், வருமானம் விடவில்லை. 2006 பிப்ரவரியில் சிபிஎஸ் ரேடியோ (இன்ஃபினிட்டியின் புதுப் பெயர்) வழக்குப் போட்டது. மே மாதம் முடிந்த சமரசத்தில் சிரியஸ் 20 லட்சம் டாலர் கொடுத்தது, பதிலுக்கு கே-ராக் காலத்து ஒலிப்பதிவுகளின் உரிமையை வாங்கிக்கொண்டது. இருபது வருடச் சரக்கு அந்த விலைக்கு! வழக்குப் போட்டவர் ஜெயித்தாரா தோற்றாரா என்று நீங்களே பாருங்கள். கே-ராக்கில் ஸ்டெர்ன் இடத்துக்கு வந்த டேவிட் லீ ராத் ஏப்ரலைத் தாண்டவில்லை.

சேட்டிலைட்டில் அநாகரிக விதி ஏன் பாயவில்லை என்றால், அது காசு கட்டி வாங்குகிற சேவை, வீட்டுக்குள் தானாக நுழையும் ஒலிபரப்பு இல்லை. அங்கே போனதும் நேயர் எண்ணிக்கை பல மடங்கு சுருங்கியது என்பதும் உண்மை. இலவசமாகக் கேட்டவர்கள் எல்லாரும் கருவி வாங்கவில்லை.

சிவப்புப்பொத்தான்:

ஒரு சின்னச் சேர்க்கை. ஸ்டெர்ன் சிரியஸில் உட்கார்ந்தது 2006 ஜனவரி 9. அதே வருஷம் ஜூனில் அபராத உச்சவரம்பை ஒரு மீறலுக்கு 3,25,000 டாலரா உயர்த்திச் சட்டம் வந்தது. அந்தப் பழைய பெருக்கலை இந்த விலையில் போட்டுப் பாருங்க: பதினெட்டு மீறல், 58,50,000 டாலர். எபிசோடுக்கு முடிவு தேடறீங்கன்னா அந்த எண்ணைப் படிச்சுட்டு விட்டுடுங்க.

காதொலி:

எடுத்துக்கிட்டேன். 2003 நிகழ்ச்சியின் தேதி ஏப்ரல் 9, அபராத அறிவிப்பு 2004 ஏப்ரல் 8 என்று குறிச்சிருக்கேன். ஒரு நாள் குறைய ஒரு வருஷம், சரிதானே?

உரிமக்கோப்பு:

சரி. அச்சுப்பிழை என்று யாராவது கிளம்புவார்கள், இரண்டு தேதியையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுங்கள்.